திரையில் சரியாகத்தான் இருந்தது

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் தலையைக் குனிந்தபடி எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும், பிள்ளை பெற்ற உடம்போடு படுத்திருக்கும் நம் பெண்ணுக்கும், இன்னும் பெயர் வைக்காத அந்தக் குட்டிக்கும் என் அன்பு. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே. கேட்காமலே இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ பேத்தியைப் பார்க்க ஊருக்குப் போனதிலிருந்து நாலு தடவை போன் செய்தாய். நாலு தடவையும் "கடை எப்படிண்ணா போகுது?" என்று கேட்டாய். நாலு தடவையும் நான் "நல்லபடியா போகுதும்மா, நீ குழந்தையப் பாரு" என்றேன். முதல் தடவை சொன்னது உண்மை. அடுத்த மூன்றும் பொய். பொய் சொல்ல என் வாய்க்கு இவ்வளவு சரளமாக வரும் என்று அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன். எழுத்தில் வராது. முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்தியவன். காகிதத்தில் தப்பைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். அதனால்தான் கடிதம்.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பேக்கரிச் சாவியை என்னிடம் கொடுத்து என்ன சொன்னாய்? "ஆர்டர் வந்தா, கேக்குல என்ன எழுதணும்னு ஒரு சீட்டுல பெரிய எழுத்தா எழுதி உள்ள குடுங்கண்ணா. கிரீம் அக்கா அதப் பாத்து எழுதிடுவாங்க. நீங்க வேற ஒண்ணும் செய்ய வேணாம்." அந்த 'வேற ஒண்ணும் செய்ய வேணாம்' என்பதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்ற எட்டு மாதமாக வீட்டில், தெருவில், வங்கியில் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் அதையேதான் சொல்கிறார்கள். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை போதாதா, அதற்கு நான் எதற்கு என்று தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம்.

நூலகத்து மாடியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள், நான் சேர்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைக்கிறார்கள். அப்படிப்பட்ட துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். முதல் நாள் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரு ஃபங்ஷன் முடிச்சாச்சு, வியாழக்கிழமை ரெண்டு ஃபங்ஷன் இருக்கு" என்றேன். உன் அண்ணி உடனே பீரோவைத் திறந்துவிட்டாள். "யார் வீட்டு ஃபங்ஷன்? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம நீங்க மட்டும் போயிட்டு வந்தீங்களா?" என்று ஒரே சண்டை. விளக்கிச் சொல்ல அரை மணி நேரமானது. கடைசியில், "சாப்பாடே போடாத ஃபங்ஷன்ல உங்களுக்கென்ன வேல?" என்று பீரோவை மூடினாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

எங்களுக்குப் பாடம் எடுக்கும் டீச்சருக்கு வயது இருபத்தைந்து இருக்கும். பொறுமைசாலி. மூன்றாவது வகுப்பில், இரண்டு எண்ணைக் கூட்டி விடையைத் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதச் சொன்னார். எழுதினேன். கடைசி வரியில் பிரிண்ட் என்று போட்டேன். திரையில் விடை பளிச்சென்று வந்து நின்றது. டீச்சர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது விடையக் காட்டுது. குடுக்கல. கடைசி வரியில பிரிண்டுக்குப் பதிலா ரிட்டர்ன் போடணும்" என்றார்.

"திரையிலதான் தெரியுதேம்மா."

"தெரியுதுங்க ஐயா. ஆனா அடுத்த ஃபங்ஷனுக்கு அந்த விட வேணும்னா, அதால எடுத்துக்க முடியாது. ரிட்டர்ன் போட்டாத்தான் கேட்டவங்க கைக்குப் போய்ச் சேரும்."

அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டும். "அம்மா, நான் அச்சகத்துல முப்பத்தோரு வருஷம் இருந்தவன். எங்க தொழில்ல பிரிண்ட் ஆயிடுச்சுன்னா வேல முடிஞ்சதுன்னு அர்த்தம். ரிட்டர்ன்னா என்ன தெரியுமா? விக்கலன்னு கடைக்காரன் புத்தகத்தக் கட்டித் திருப்பி அனுப்புறான்னு அர்த்தம். அத எந்த முட்டாளாவது வேணும்னு போடுவானா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அது போதாதென்று, அவர் கொடுத்த பாடத்தாளில் இருந்த ஏழு எழுத்துப் பிழைகளைச் சிவப்பில் சுழித்து வகுப்பு முடியும்போது அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "நன்றிங்க ஐயா, ஏழும் தப்புதான்" என்றார். பிறகு மெல்லிய குரலில், "உங்களோடதுல ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். அந்த ஒன்றை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் உன் கடைக்கு வந்தேன். முன்பக்கம் நீ உட்காரும் மேஜையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கிரீம் அக்கா வேலை செய்யும் அறையில், நீ வாங்கி வைத்துப் பிரிக்காமலே இருந்த அந்தச் சின்னச் சீட்டு மெஷின். இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, ஒரு புரோகிராம் எழுதி, நீ திரும்பி வரும்போது அசந்துபோகும்படி செய்ய வேண்டும் என்று திட்டம். வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். இரண்டு ஃபங்ஷன். முதலாவதற்கு 'வாசகம்' என்று பெயர் வைத்தேன். ஆர்டர் கொடுத்தவர் சொன்ன பெயரையும் வாழ்த்தையும் எடுத்துக் கோத்து ஒரு வரியாக்குவது அதன் வேலை. இரண்டாவதன் பெயர் 'சீட்டு'. வாசகம் கொடுப்பதை வாங்கி உள்ளே இருக்கும் மெஷினில் சீட்டாக அடிப்பது அதன் வேலை. வாசகத்தின் கடைசி வரியில் நான் என்ன போட்டிருப்பேன் என்று உனக்கே தெரியும். பிரிண்ட்.

சனிக்கிழமைக்குப் பதினேழு கேக். காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு ஆர்டராகத் தட்டினேன். ஒவ்வொன்றும் என் முன்னால் திரையில் முத்து முத்தாக வந்து நின்றது. ஒரு வாடிக்கையாளர் அனுப்பியதில் 'வாழ்த்துக்கள்' என்று இருந்ததைக்கூட 'வாழ்த்துகள்' என்று திருத்திவிட்டுத்தான் அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் கிர்ர் கிர்ர் என்று சீட்டைத் துப்பும் சத்தம் கேட்டது. காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. எழுந்துபோய் ஒரே ஒரு சீட்டை எடுத்துப் பார்த்திருந்தால் நான் மனிதன். பார்க்கவில்லை. திரையில்தான் சரியாக இருக்கிறதே! கிரீம் அக்கா எழுதி முடித்துப் பெட்டிகளை மூடி, நாடா கட்டி, ஒவ்வொன்றாக முன்னால் கொண்டுவந்து வைத்தார். நான் பெட்டியைத் திறக்காமல் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணிக்குள் பதினேழும் போய்விட்டன. உன் அண்ணிக்குப் போன் செய்து, "சாப்பாடு போடாத ஃபங்ஷன் என்ன செஞ்சிருக்குன்னு வந்து பாரு" என்றேன்.

இரண்டே முக்கால் மணிக்கு ஒரு அம்மா பெட்டியோடு திரும்பி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பெண் குழந்தை. பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்து, "இதுல எம்பொண்ணு பேரு எங்கங்க இருக்கு?" என்றார். குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கேக், ஓரமெல்லாம் ரோஸ் நிறப் பூ, நடுவில் சாய்வாக, அழகாக, நாலே நாலு ஆங்கில எழுத்து, None. கூட்டிப் படித்தால் 'நன்'. அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அந்தக் குழந்தை ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறது. என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டது.

நான் பதில் யோசிப்பதற்குள் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். "எங்க மேனேஜருக்கு இன்னிக்குக் கடைசி நாளுங்க. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். எல்லாரும் பாராட்டிப் பேசி முடிச்சு, கத்தியக் கையில குடுத்து, பெட்டியத் திறந்தோம். குனிஞ்சு படிச்சார். அதோட கத்தியக் கீழ வச்சுட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னவர்தான், இன்னும் திரும்பல" என்றார் ஒருவர். இன்னொருவர், "அவரு எங்கமேல எப்பவுமே சந்தேகப்படுவாருங்க. இத நாங்க வேணும்னு செஞ்சோம்னு நெனச்சுட்டாரு" என்றார்.

அவர்களுக்குப் பின்னால், முடி கலைந்த ஒரு மனிதர். பெட்டிகூட இல்லை. பெட்டி வீட்டில் சுவரோரம் கவிழ்ந்து கிடக்கிறதாம். ஒரு வாரமாக அவரோடு பேசாத மனைவிக்கு 'தப்பு என்னுடையதுதான்' என்று எழுதி அனுப்பச் சொன்னவர் அவர். "எழுதியிருந்தது என்ன தெரியுங்களா? நன். எம்மேல தப்பு ஒண்ணுமே இல்லன்னு கேக்குல எழுதி அனுப்புற அளவுக்கு வந்துட்டீங்களான்னு கேட்டுட்டு, அவங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா."

தங்கச்சி, இனி எழுதப் போவதுதான் இந்தக் கடிதத்தில் எழுதக் கை கூசுகிற இடம். சத்தம் கேட்டுக் கிரீம் அக்கா உள்ளே இருந்து வந்து நின்றார். உன் கடையில் பதினாலு வருஷமாகக் கேக்கில் பூவும் பெயரும் போடுகிறவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் எல்லோரும் கூப்பிடுகிறார்களே என்று நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திரையில் சரியாக இருந்தது, கேக்கில் தப்பாக இருக்கிறது, இடையில் இருப்பவர் அவர் ஒருவர்தான். ஆகவே தப்பு அவருடையது. என் கணக்கு அவ்வளவுதான். ஐந்து பேர் முன்னால், அந்தக் குழந்தையின் முன்னால், "என்ன எழுதி வச்சிருக்கீங்க? உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கடிகாரம் மூன்று அடித்தது. பதினாலு வருஷ வேலையை ஒரு வார்த்தையில் போக்கடித்துவிட்டேன் என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. "தப்பு செஞ்சவங்களுக்குத்தான் ரோஷம் அதிகம்" என்று வந்தவர்களிடம் சொன்னேன். ஆம், அதையும் சொன்னேன்.

எல்லோருக்கும் திங்கட்கிழமை வேறு கேக் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் தப்புக்கு ஆதாரம் எடுப்பதற்காக உள்ளே போனேன். மெஷின் பக்கத்தில் கம்பியில் பதினேழு சீட்டும் வரிசையாகக் குத்தியிருந்தது. முதல் சீட்டில் நன். இரண்டாவதில் நன். பதினேழிலும் அதே நாலு எழுத்து. முன்னால் ஓடிவந்து ஒரு ஆர்டரைத் தட்டினேன். திரையில் வாழ்த்து ஜோராக வந்தது. உள்ளே ஓடினேன். சீட்டில் நன். மறுபடி முன்னால், மறுபடி உள்ளே. ஆறு தடவை ஓடினேன். அந்த அம்மா விட்டுப்போன வெள்ளைக் கேக்கில் இருந்த எழுத்தைப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாய்வு, வளைவு, இடைவெளி எல்லாம் சீட்டில் இருந்தபடியே இருந்தது. அவர் ஒரு கோடுகூடத் தப்பாக எழுதவில்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். டீச்சர் வேறொரு வகுப்பை முடித்துவிட்டு வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தில் எழுதிக் கொண்டுபோன புரோகிராமைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். ஏழு பிழைகளையும் இப்போது அவர் எனக்குத் திருப்பிச் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"வாசகம் ஃபங்ஷன் வரியக் கோத்துச்சு. கோத்தத யாருகிட்ட குடுத்துச்சு, ஐயா?"

"திரையில காட்டிச்சு."

"திரைக்குக் காட்டிச்சு. சரி. சீட்டு ஃபங்ஷன் வந்து, எனக்கு என்ன வச்சிருக்கேன்னு வாசகத்துகிட்ட கேக்குது. அதுகிட்ட என்ன இருக்கு?"

யோசித்தேன். "ஒண்ணுமில்ல."

"அதத்தான் அது எழுதியிருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லலீங்க ஐயா. ஒண்ணுமே திருப்பித் தராத ஃபங்ஷன்கிட்டக் கேட்டா, ஒண்ணுமில்லன்னுதான் வரும்."

பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே ரிட்டர்ன் என்று எழுதினேன். ஒரு சொல். ஒரு சொல்லுக்காக ஆயிரம் பிரதியைக் கிழித்துப் போட்ட நாட்களை அச்சகத்தில் பார்த்திருக்கிறேன். அன்றெல்லாம் எழுத்துக் கோக்கும் யாரோ ஒரு கம்போசிட்டரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன். இப்போது என் கண்ணுக்கு முன்னால் ஏப்ரன்தான் தெரிந்தது. படி இறங்கும்போது டீச்சர் கேட்டார்: "அந்த அக்காகிட்டப் பேசிட்டீங்களா, ஐயா?" இல்லை என்றேன். "மொதல்ல அதச் செய்யுங்க. இது ஒரு சொல்தான், எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையின் நோட்டில் இருந்த முகவரியைப் பார்த்துப் போனேன். உன் அண்ணி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அவள் முன்னால் இன்னொரு தடவை அவமானப்பட என்னிடம் இடமில்லை. என்ன சொல்வது என்று தெரு முழுக்க வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிரில் வந்த பால்காரர் ஒதுங்கி வழிவிட்டார். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. அவர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "தண்ணி" என்றேன். கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்தேன்.

அவர் ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, "படிக்கத் தெரியாதான்னு கேட்டீங்கல்ல?" என்றார். "தெரியாதுங்க."

"அது ஏதோ கோவத்துல கேட்டது..."

"எதுல கேட்டாலும் பதில் அதான். எழுதத் தெரியும். படிக்கத் தெரியாது."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "உங்க தங்கச்சி எழுதிக் குடுக்குற சீட்டு எனக்குப் படம் மாதிரிங்க. எங்க வளையுது, எங்க சுழியுது, எங்க புள்ளின்னு பாத்து அப்படியே வரஞ்சிடுவேன். ஒரு தடவ சீட்டுல காப்பி சொட்டியிருந்துச்சு. அதுவும் எழுத்தாக்கும்னு நெனச்சு, பழுப்புக் கிரீம்ல ஒரு சொட்டு வச்சேன். வாங்கிட்டுப் போனவங்க அந்தப் பொட்டு நல்லா இருந்துச்சுன்னு மறுவருஷமும் கேட்டாங்க."

"என் தங்கச்சிக்கு இது தெரியுமா?"

"வேலைக்கு வந்த மொத நாளே தெரியும். அதனாலதானே பெரிய பெரிய எழுத்தா எழுதுவாங்க."

பெரிய எழுத்தாக எழுதிக் கொடுங்கள் அண்ணா என்று நீ சொன்னது அதற்காகத்தான் என்று அந்த மொட்டை மாடியில் நிற்கும்போது புரிந்தது. என் கௌரவத்தைக் குறைத்துச் சொல்கிறாய் என்று கோபித்துக்கொண்டு ஒரு மெஷினைக் கொண்டுவந்து நடுவில் வைத்தவன் நான்.

"இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாதுங்க" என்றார் அவர். "எங்க வீட்டுக்காரருக்கே கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். லெட்டர் வந்தா, கண்ணு வலிக்குது நீங்களே படிங்கம்பேன். அந்தக் கடையில மட்டுந்தான் நான் எழுத்து தெரிஞ்சவ. வர்றவங்கல்லாம் 'உங்க கையெழுத்து எவ்வளவு அழகு'ன்னுட்டுப் போவாங்க. அங்க நிக்க வச்சுக் கேட்டீங்க."

என் வாழ்நாளில் லட்சம் பக்கம் படித்திருப்பேன். அதிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல். "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். கை கூப்பினேன்.

அவர் கொடியில் கிளிப்பைச் செருகிவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "கத்தினது கடையில, அஞ்சு பேரு முன்னாடி. மன்னிப்புக் கேக்குறது இங்க, காயப்போட்ட துணி முன்னாடி. அப்படித்தானுங்களா?"

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார். திரும்பி வராத மற்ற பதினாலு பேரையும் நான் போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். காலையிலிருந்து பதினேழு கேக்கையும் மறுபடி எழுதினார். இந்தத் தடவை திரையைப் பார்க்கவே இல்லை. சீட்டு மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு சீட்டையும் எடுத்துச் சத்தமாகப் படித்து அவர் கையில் கொடுத்தேன். எழுத்தையும் மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டேன். பெட்டி வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், கிரீம் அக்காவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, "சனிக்கிழமை நடந்த தப்பு முழுக்க என்னுடையது. இவங்க என் சீட்டுல இருந்தத அப்படியே எழுதினாங்க. இவங்களத் திட்டினதும் என் தப்பு" என்று சொன்னேன். பதினேழு தடவை. ஒன்பதாவது தடவைக்குள் மனப்பாடமாகி, பன் வாங்க மட்டும் வந்த ஒருவரிடமும் ஒப்பித்துவிட்டேன். அவர் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லைங்க, யாருக்கும் நடக்கிறதுதானே" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குழந்தை தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டிப் படித்தது. மேனேஜரே நேரில் வந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றது கண்ணீரை மறைக்கத்தானாம். முப்பத்தைந்து வருஷத்தில் தான் ஒன்றுமே செய்யவில்லையோ என்று அவருக்கே சில நாளாகச் சந்தேகமாம், அதைக் கேக்கும் சொல்லிவிட்டதே என்று தோன்றியதாம். நானும் ஓய்வு பெற்றவன்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கணவர் மனைவியையே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா கேக்கைப் பார்த்துவிட்டு, "இது அவரு சொன்னதா, உங்க மெஷின் சொன்னதா?" என்றார். அவர் சொன்னதுதான் என்றேன். "அப்ப அவரே சொல்லட்டும்" என்றார். கணவர் காது சிவக்க, எல்லோர் முன்னாலும், தப்பு என்னுதுதான் என்றார். அந்த இடத்தில் எனக்கு ஒரு துணை கிடைத்ததுபோல் இருந்தது.

எட்டு மாதமாக எனக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று தவித்தேன். நீ கொடுத்த சின்ன வேலையைச் செய்திருந்தால், பெரிய எழுத்தில் பதினேழு சீட்டு எழுதியிருந்தால், ஒருவருக்கும் ஒரு சங்கடமும் வந்திருக்காது. உன் கடையின் பெயரைக் கெடுத்தேன். நீ பதினாலு வருஷம் பொத்திப் பாதுகாத்த ஒருவரின் மானத்தை அரை நிமிடத்தில் தெருவில் போட்டேன். திட்டுவதாக இருந்தால் இங்கே வந்து திட்டு. வாடிக்கையாளர் இருக்கும் நேரமாகப் பார்த்துத் திட்டு. எனக்கு அதுதான் சரி.

பிறந்த குழந்தை நோய்நொடி இல்லாமல், கேட்டதெல்லாம் கைக்கு வந்து சேரும்படி வளரட்டும். அவளைப் பெற்றவளை நன்றாகத் தூங்கச் சொல். மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். இந்தக் கடிதத்தை மட்டும் அவர் கண்ணில் காட்டாதே.

வெட்கத்துடன்,
உன் அண்ணன்

பின்குறிப்பு: தன்னைப் பற்றி எழுதியிருப்பதை அவரே கேட்காமல் அனுப்புவது முறையில்லை என்று, இன்று மதியம் கிரீம் அக்காவை முக்காலியில் உட்கார வைத்து இந்தக் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிறகு, "மூணு தப்பு இருக்குங்க" என்றார்.

ஒன்று, நான் குடித்தது இரண்டு டம்ளர் தண்ணீர் இல்லை, நாலு.

இரண்டு, அவர் வேலையை விட்டுப் போகவில்லை. மூன்று மணியோடு அவருடைய வேலை நேரம் முடிகிறது. தினமும் மூன்று மணிக்கு ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, துவைக்கப் போடுவதற்காக அந்த மேஜைமேல்தான் வைப்பாராம். "நீங்க வந்து ஒரு வாரமாச்சு, தெனமும் உங்க கண்ணு முன்னாடிதான் வைக்கிறேன். ஒரு நாளும் பாக்கலையா?" என்றார். அப்படியானால் நான் மாடி ஏறி வந்திருக்க வேண்டியதே இல்லையா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வேலைய விட்டுப் போகலீங்க. ஆனா மறுநாள் வர்றதா வேணாமான்னு முடிவு பண்ணாமத்தான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன்" என்றார்.

மூன்றாவது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் கையில் சீட்டுகளோடு என் மேஜைக்கு வந்தார். "ஐயா, எல்லாச் சீட்டும் ஒண்ணுபோல இருக்குதே. பதினேழு பேருக்கும் ஒரே பேரா இருக்கும்?" என்று கேட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நான், "மெஷினுக்குத் தெரியும்மா. அதுல இருக்குறத அப்படியே எழுதுங்க" என்றேன். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். மறந்துவிட்டது என்று எழுதத்தான் கை போகிறது. மறக்கவில்லை, தங்கச்சி. மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அந்த இடம் வரும்போதெல்லாம் தாண்டி எழுதினேன்.

எழுத்தில் பொய் வராது என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும், அவங்க பார்க்கட்டும் என்றார். என் பேனாவை வாங்கி, பிழை பார்த்து முடித்த பக்கத்தில் நான் போடும் டிக் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லி, இந்தத் தாளின் ஓரத்தில் அதேபோல ஒன்றைப் போட்டிருக்கிறார். என்னுடையதைவிட நேராக இருக்கிறது.